விரிசலும் அலையும்: என்ரிச்டு ஃபைனைட் எலிமெண்ட் பத்தி பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில எங்க வீட்டு மாடியில சனி ஞாயிறு எம்.இ. பிள்ளைங்களுக்கும் புதுசா பிஎச்டி சேந்த பிள்ளைங்களுக்கும் கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுக்கேன். பாதிப் பேருக்கு கூடங்குளத்துக்கோ மகேந்திரகிரிக்கோ வேலைக்குப் போகணும்னு ஆசை, மீதிப் பேருக்கு கைடு கொடுத்த தலைப்பு எக்ஸ்ஃபெம்னு (எக்ஸ்டெண்டட் ஃபைனைட் எலிமெண்ட் மெத்தட், விரிசல் மாதிரி சங்கதியைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற முறை) இருக்கும், ஆனா அது என்னன்னு யாரும் உக்கார வச்சு சொல்லியிருக்க மாட்டாங்க. வருஷா வருஷம் ஒரே சந்தேகம்தான் வருது. அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியை வச்சு நான் சொல்லுற பதிலை கீழ டைப் பண்ணியிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வாரது முன்னாடி சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுதான் போகும்.

அக்கா, ஃபைனைட் எலிமெண்ட்னா என்னன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க, எங்க சார் மேட்ரிக்ஸ்ல ஆரம்பிச்சு மேட்ரிக்ஸ்லயே முடிச்சிட்டாங்க

ஒரு பொருள் முழுசும் எப்படி அசையுதுன்னு ஒத்த ஃபார்முலாவுல எழுத முடியாது, அதனால அதைச் சின்னச் சின்ன துண்டா வெட்டிக்கிட்டு ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் அசைவு நேர்கோடாவோ லேசான வளைவாவோ மாறுதுன்னு வச்சுக்கிடுதோம், துண்டோட மூலையில இருக்குற மதிப்பு மட்டும்தான் நமக்குத் தெரியாதது, அதைக் கண்டுபிடிச்சா உள்ள இருக்குறது எல்லாம் தானா வந்துரும். துண்டு எலிமெண்ட், மூலை நோடு, துண்டு எல்லாம் சேந்த வலை மெஷ். 1943லயே கூரன்ட் முக்கோணமா வெட்டி இப்படிச் செஞ்சாரு, ஃபைனைட் எலிமெண்ட்ங்கிற பேரை 1960ல கிளஃப் வச்சாரு.

மூலை மதிப்புலருந்து உள்பக்க மதிப்புக்குப் போக ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ஷேப் ஃபங்ஷன் உண்டு. தன் நோடுல அது 1, மத்த நோடுல எல்லாம் 0. இதுல ரொம்பப் பேரு கவனிக்காம விடுறது என்னன்னா, எந்தப் புள்ளியில நின்னு எல்லா ஷேப் ஃபங்ஷனையும் கூட்டினாலும் 1தான் வரும். இதுக்குப் பேரு பார்ட்டிஷன் ஆஃப் யூனிட்டி. இதை நோட்டுல ஒரு மூலையில எழுதி வச்சுக்கிடுங்க, இந்தப் பக்கம் முழுக்க அது மேலதான் நிக்குது.

என்ரிச்மெண்ட்னா அப்படி என்னத்தக்கா கூடச் சேக்கோம்?

நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைச் சேக்கோம். விடை முழுசா தெரியாது, ஆனா அதோட சாயல் தெரியும். விரிசலோட ரெண்டு பக்கமும் அசைவு தாவும்னு தெரியும், விரிசல் முனையில அசைவு தூரத்தோட வர்க்கமூலம் மாதிரி போகும்னு தெரியும், அலைன்னா சைன் காஸ் மாதிரி போகும்னு தெரியும். சாதாரண எலிமெண்டுக்கு இது ஒண்ணும் தெரியாது, அது பாட்டுக்கு நேர்கோட்டை வச்சே தட்டுத்தடுமாறி அந்த வடிவத்தைப் பிடிக்கப் பாக்கும்.

தெரிஞ்ச அந்த ஃபங்ஷனை எடுத்து நோடோட ஷேப் ஃபங்ஷனால பெருக்கி, அதுக்கு ஒரு புதுத் தெரியாத கெழுவைக் கொடுத்து, பழைய கூட்டுத்தொகையோட சேத்துருதோம். பெருக்குறதால அந்தப் புது ஆளு அந்த நோடைச் சுத்தி இருக்குற எலிமெண்டுகள்ல மட்டும்தான் இருப்பாரு, ஊரெல்லாம் பரவ மாட்டாரு, மேட்ரிக்ஸ் பழையபடி காலியிடம் (சுழி) நிறைஞ்சதாவே இருக்கும். எல்லா நோடுலயும் கெழு 1ன்னு வச்சா, கூட்டுத்தொகை 1ங்கிறதால நாம சேத்த ஃபங்ஷன் அப்படியே பிசகாம வெளிய வந்துரும். மெலங்கும் பபுஷ்காவும் 1996ல இதைக் கணக்கா நிரூபிச்சு எழுதுனாங்க. எக்ஸ்ஃபெம், ஜிஃபெம் (ஜெனரலைஸ்டு), பியுஃபெம் (பார்ட்டிஷன் ஆஃப் யூனிட்டி)னு பேரு மாறும், உள்ள இருக்குற சாமான் இதுதான்.

அலை வேற பாடம், விரிசல் வேற பாடம். ரெண்டையும் ஏன் ஒண்ணா கட்டுதீங்க?

காருகுறிச்சியில பானை வாங்கப் போனா ஆச்சிமாரு என்ன செய்வாங்க? விரலை மடக்கித் தட்டிப் பாப்பாங்க. நல்ல பானைன்னா ணங்குன்னு நின்னு கேக்கும், கீறல் விட்டதுன்னா சத்தம் செத்துப் போய் டொப்புன்னு நிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது சொல்லிருது. தட்டுனதும் களிமண்ணுக்குள்ள அலை ஓடுது, கீறல்ல மோதி சிதறுது, உரசி வத்திப்போகுது. வெல்டிங்கை அல்ட்ராசோனிக் வச்சுச் சோதிக்கிறதும் இந்த வேலைதான், காதுக்குப் பதிலா புரோப் இருக்கு, அம்புட்டுதான்.

கணக்குப் பக்கத்துலயும் ரெண்டுக்கும் ஒரே நோய். விரிசல் ஒரு புள்ளியில ரொம்பக் கூர்மை, அலை எல்லா இடத்துலயும் ஏறி இறங்குது. ரெண்டையும் நேர்கோடு, வளைகோடு துண்டை வச்சு ஒட்டுனா எக்கச்சக்கமா துண்டு வேணும். ரெண்டுலயும் விடையோட சாயல் நமக்கு முன்கூட்டியே தெரியும். அதனால மருந்தும் ஒண்ணு.

மெஷ்ஷை இன்னும் பொடியாக்குனா போதாதா? இப்பதான் கம்ப்யூட்டர் பெருசா இருக்கே

நியாயமான கேள்விதான். ஒரே இடத்துல நிக்கிற விரிசலுக்கு, முனைகிட்ட மட்டும் பொடியாக்குனா போதும், நல்லாவே வரும். 1975-76லயே ஹென்ஷெல், ஷா, பார்சூம் இவங்க எட்டு நோடு எலிமெண்டுல (மூலையில நாலு, பக்கத்தோட நடுவுல நாலு) நடு நோடை முனைப் பக்கம் கால்வாசித் தூரத்துக்கு நகத்தி வச்சா அந்த வர்க்கமூல வடிவம் தானா வந்துரும்னு காட்டிட்டாங்க. அது போதும்னா அதையே போடுங்க, எக்ஸ்ஃபெம் வேண்டாம்.

ஆனா மெஷ் முழுக்க ஒரே சீரா பொடியாக்கிட்டுப் போனீங்கன்னா, விரிசல் முனை இருக்குறதால எனர்ஜி நார்ம்ல (சக்தியை வச்சு அளக்குற முறையில) பிழை எலிமெண்ட் அளவோட வர்க்கமூலம் மாதிரிதான் குறையும். பிழையைப் பாதியாக்க எலிமெண்டைக் கால்வாசி ஆக்கணும், அப்பம் 2டில 16 மடங்கு, 3டில 64 மடங்கு எலிமெண்ட். இதை விடப் பெரிய தொல்லை விரிசல் வளரும்போது. ஒவ்வொரு அடிக்கும் மெஷ்ஷை அழிச்சு விரிசலுக்குத் தோதா திரும்பப் போட்டு, பழைய மதிப்பை எல்லாம் புது மெஷ்ஷுக்கு மாத்தணும், மாத்தும்போதே கொஞ்சம் கொஞ்சமா உண்மை ஒழுகிப் போகும். பத்தமடையில பாய் நெய்யுறவங்க கோரையை எடுத்துத் திரும்பத் திரும்பப் பிரிச்சு நெய்ஞ்சா பாய் என்னத்துக்காகும், அந்தக் கதைதான்.

விரிசல் முனையில ஸ்ட்ரெஸ் இன்ஃபினிட்டின்னு வருது. அது பொய்தானே, பொய்யைப் போய் எலிமெண்டுக்குள்ள வைக்கலாமா?

1913ல இங்லிஸ் நீள்வட்ட ஓட்டைக்குக் கணக்குப் போட்டாரு, ஓட்டை நீளத்தை அகலத்தால வகுத்து ரெண்டால பெருக்கி 1 கூட்டு, அம்புட்டு மடங்கு ஸ்ட்ரெஸ் (பரப்புக்கு இம்புட்டுன்னு பொருள் உள்ள தாங்குற விசை) முனையில. அகலம் சுழியாச்சுன்னா இன்ஃபினிட்டி. அப்பம் எந்தக் கீறல் இருந்தாலும் பொருள் உடனே உடையணும், ஆனா உடையலையே. 1921ல கிரிஃபித் கண்ணாடியை வச்சுச் சோதிச்சு, முனை ஸ்ட்ரெஸ்ஸைப் பாக்காத, விரிசல் வளந்தா வெளிவருற சக்தியும் புது மேற்பரப்பு உண்டாக்கத் தேவையான சக்தியும் என்னன்னு பாருன்னு சொன்னாரு. 1957ல வில்லியம்ஸ் முனையைச் சுத்தி ஸ்ட்ரெஸ் ஒன்று பை ரூட் ஆர் (ஆர்ங்கிறது முனையிலருந்து தூரம்) மாதிரி போகுதுன்னு தொடராவே எழுதிட்டாரு. அதே வருஷம் இர்வின் அந்த ரூட் ஆருக்கு முன்னாடி நிக்கிற கெழுவைப் பிடிச்சு ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி ஃபேக்டரா வச்சு கிரிஃபித்தோட சக்திக் கணக்கோட இணைச்சாரு.

முனையோட ரொம்பக் கிட்டத்துல உண்மைப் பொருள் நெகிழும், நொறுங்கும், அது சரிதான். ஆனா அந்தக் குட்டி வட்டம் விரிசல் நீளத்தோட பாத்தா சின்னதா இருக்குற வரைக்கும், அதைச் சுத்தி இருக்குற களத்தை ரூட் ஆர்தான் ஆளுது, உள்ள என்ன நடக்கும்னு முடிவு பண்ணுறதும் அந்தக் கெழுதான். அதனால நாம பொய்யை வைக்கலை, தொலைவுலருந்து பாத்தா தெரியுற உண்மையை வைக்கோம். கான்கிரீட் மாதிரி உடையுற பகுதி அகலமா இருக்குற பொருளுக்கு இது செல்லாது, அங்கன கொஹீசிவ் மாடல் (விரிசல் திறக்கத் திறக்க முகங்களைப் பிடிச்சு இழுக்குற விசை பைய குறையுதுன்னு வைக்கிறது) போடணும், 1976ல ஹில்லர்போர்க் கான்கிரீட்டுக்குக் கொண்டுவந்தது. அப்பம் முனை ஃபங்ஷனை விட்டுட்டு தாவல் ஃபங்ஷனை மட்டும் வச்சுக்கிடலாம்.

மெஷ்ஷைக் கிழிக்காம விரிசல் எப்படிக்கா எலிமெண்டுக்கு நடுவுல போகும்?

ரெண்டு வகை ஃபங்ஷன் போடுதோம். விரிசல் ஒரு எலிமெண்டை இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளிய வந்துட்டுன்னா, விரிசலுக்கு மேல +1, கீழ -1ன்னு இருக்குற ஹெவிசைட் ஃபங்ஷன். அதோட கெழுவைப் போல ரெண்டு மடங்கு வாய் திறக்கும். முனை இருக்குற எலிமெண்டோட நோடுகளுக்கு மட்டும் நாலு ஃபங்ஷன் (தீட்டாங்கிறது விரிசல் திசையிலருந்து எந்தக் கோணம்ங்கிறது): ரூட் ஆர் சைன் தீட்டா பை 2, ரூட் ஆர் காஸ் தீட்டா பை 2, பொறவு அந்த ரெண்டையும் சைன் தீட்டாவால பெருக்குனது. வில்லியம்ஸ் தொடரோட முதல் உறுப்பை முழுசா பிடிக்க இந்த நாலு போதும். முதல் ஃபங்ஷன் மட்டும்தான் விரிசல்ல தாவும், அதனால முனை எலிமெண்டுக்குள்ள விரிசல் பாதியில நிக்க முடியுது.

2டில ஹெவிசைட் நோடுக்கு 2 தெரியாதது கூடும், முனை நோடுக்கு 8 கூடும். மெஷ் மாறவே மாறாது, விரிசல் வளர வளர எந்தெந்த நோடுக்கு என்ன ஃபங்ஷன்ங்கிற பட்டியல்தான் மாறும். 1999ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியில பெலிட்ச்கோவும் பிளாக்கும் முனை ஃபங்ஷனைப் போட்டாங்க, அதே வருஷம் மோயஸ், டோல்போ, பெலிட்ச்கோ மூணு பேரும் ஹெவிசைட்டைச் சேத்தாங்க. எக்ஸ்ஃபெம்னா இன்னைக்கு நாம சொல்லுறது அந்த ரெண்டாவது வடிவத்தைத்தான். முதல் தடவை படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரலை, அம்புட்டு எளிமை, அம்புட்டு அழகு.

விரிசல் எங்க இருக்குன்னு புரோகிராமுக்கு யாரு சொல்லுவா?

2டில நேர்கோட்டுத் துண்டுகளைக் கோத்து ஒரு பட்டியலா வச்சுக்கிட்டாலே போதும், முதல்ல அப்படியே எழுதுங்க. 3டிக்குப் போனா லெவல் செட் உதவும்: ஒவ்வொரு நோடுலயும் ரெண்டு எண், ஒண்ணு விரிசல் பரப்புலருந்து எம்புட்டுத் தூரம், எந்தப் பக்கம்ங்கிறது, இன்னொண்ணு முனையைத் தாண்டி முன்னாடியா பின்னாடியாங்கிறது. முதல் எண்ணோட குறியே ஹெவிசைட், ரெண்டையும் சேத்தா ஆரும் தீட்டாவும் கிடைச்சுரும். ஓஷரும் சேதியனும் 1988ல வேற வேலைக்கு உண்டாக்குன முறை இது, 2001ல எக்ஸ்ஃபெமோட சேத்தாங்க.

எக்ஸ்ஃபெம் போட்டும் கன்வர்ஜென்ஸ் (மெஷ் பொடியாக ஆக பிழை குறையுற வேகம்) பழைய மாதிரிதான் வருது. புரோகிராம் கோடுல தப்பா?

அனேகமா கோடுல தப்பு இருக்காது. இதை நிறையப் பேரு கேக்காங்க, கேட்டுட்டு மாசக்கணக்கா கோடையே தோண்டிக்கிட்டும் இருக்காங்க. முனை இருக்குற ஒத்த எலிமெண்டை மட்டும் என்ரிச் பண்ணீங்கன்னா, மெஷ் சின்னதாக ஆக அந்த எலிமெண்டும் சின்னதாகும், என்ரிச் ஆன இடம் சுருங்கிக்கிட்டே போகும், அதுக்கு வெளிய பழையபடி சாதாரண எலிமெண்ட்தான் ரூட் ஆரோட மல்லுக்கட்டும். அதனால மேல மெஷ் கேள்வியில சொன்ன அதே வர்க்கமூல வேகம்தான் வரும், பிழையோட அளவு குறையும், குறையுற வேகம் மாறாது. முனையைச் சுத்தி ஒரு நிலையான ஆரம் வச்சு, மெஷ் எம்புட்டுப் பொடியானாலும் அந்த வட்டத்துக்குள்ள இருக்குற எல்லா நோடையும் என்ரிச் பண்ணுங்க. அப்பம் நேர்கோட்டு எலிமெண்டுக்கு உரிய முழு வேகம் திரும்ப வந்துரும், அளவைப் பாதியாக்குனா பிழை பாதியாகும்.

இன்னொரு இடமும் இருக்கு. என்ரிச் ஆன எலிமெண்டுக்கும் ஆகாத எலிமெண்டுக்கும் நடுவுல, சில நோடு மட்டும் என்ரிச் ஆன எலிமெண்ட் ஒரு வரிசை இருக்கும், பிளெண்டிங் எலிமெண்ட்னு பேரு. அங்கன என்ரிச் ஆன நோடுகளோட ஷேப் ஃபங்ஷனை மட்டும் கூட்டினா 1 வராது, அப்பம் நாம சேத்த ஃபங்ஷன் அரைகுறையா நின்னு வேண்டாத உறுப்பு உண்டாக்கும். 2008ல ஃப்ரைஸ் சொன்ன வழி, அந்த வரிசை முழுக்க என்ரிச் பண்ணிட்டு ஃபங்ஷனை 1லருந்து 0க்கு பைய இறங்குற ஒரு சரிவால பெருக்கிருறது. எழுதுறதுக்குச் சுலபம், கட்டாயம் போடுங்க. ஹெவிசைட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது விரிசல் வெட்டாத எலிமெண்டுல மாறிலியாத்தான் இருக்கும்.

இன்டக்ரேஷனுக்கு 2 பை 2 காஸ் பாயிண்ட் போதாதா? எல்லா புக்குலயும் அதுதான் இருக்கு

போதாது. நான் என் சொந்தக் கோடுல ரெண்டு வாரத்தை இதுலதான் தொலைச்சேன், ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி ஃபேக்டர் மெஷ்ஷைக் கொஞ்சூண்டு நகத்துனாலே குதிக்கும், காரணமே பிடிபடலை. காஸ் பாயிண்ட் முறை, அதாவது எலிமெண்டுக்குள்ள சில புள்ளியில மட்டும் மதிப்பு எடுத்துக் கூட்டுறது, வழுவழுப்பான பாலினாமியலுக்குச் செஞ்சது. நடுவுல தாவுற ஃபங்ஷனை அதுகிட்ட கொடுத்தா விரிசலோட எந்தப் பக்கம் எத்தனை பாயிண்ட் விழுதுங்கிறதைப் பொறுத்து விடை மாறும். அதனால விரிசல் வெட்டுன எலிமெண்டை விரிசல் வழியாவே முக்கோணமா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா கூட்டணும். இது மெஷ் போடுறது ஆகாது, புதுசா தெரியாதது ஒண்ணும் வராது, கூட்டுறதுக்கு மட்டும்தான்.

முனை எலிமெண்டுல இன்னொரு சங்கதி. ஸ்ட்ரெஸ்ஸும் ஸ்ட்ரெய்னும் (பொருள் எம்புட்டு உருமாறுதுங்கிற அளவு) தலைக்கு ஒன்று பை ரூட் ஆர், பெருக்குனா ஒன்று பை ஆர். முக்கோணத்தோட ஒரு மூலையை முனையில வச்சு, சதுரத்தை மடிச்சு முக்கோணமாக்குற மேப்பிங் போட்டீங்கன்னா ஜக்கோபியன்ல (மேப்பிங்ல பரப்பு எம்புட்டு மடங்கு மாறுதுங்கிற கெழுவுல) ஒரு ஆர் வந்து அந்த ஒன்று பை ஆரை அடிச்சுரும், மிச்சம் இருக்குறது வழுவழுன்னு இருக்கும், கொஞ்சம் பாயிண்டுலயே சரியா வரும். இதைச் செஞ்ச அன்னைக்கு என் நம்பர் அசையாம நின்னுது.

அபாகஸ்ல டிக் பண்ணா எக்ஸ்ஃபெம் வருதே, நாமளா ஏன் எழுதணும்?

அபாகஸ்ங்கிற ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேர்ல 6.9 வெர்ஷன்லருந்து, அதாவது 2009லருந்து இருக்கு, வேலைக்குத் தாராளமா போடலாம். ஆனா உள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சு போடணும். நிக்கிற விரிசலுக்கு மட்டும்தான் முனையோட நாலு ஃபங்ஷன் அதுல வருது. வளருற விரிசலுக்கு அது பேன்டம் நோடு முறையில போகுது, எலிமெண்டை ரெண்டு பிரதியா எடுத்து மேல்பாதிக்கு ஒண்ணு கீழ்பாதிக்கு ஒண்ணுன்னு வைக்கிறது. அதுல முனை எலிமெண்டுக்குள்ள பாதியில நிக்காது, ஒரு அடிக்கு ஒரு முழு எலிமெண்டைத் தாண்டும். இது தெரியாம ஒரு பிள்ளை வளருற விரிசலுக்கு முனை ஃபங்ஷன் இருக்குன்னு தீசிஸ்ல எழுதி வைவாவுல மாட்டிக்கிச்சு, எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு. ஒரு தடவையாவது மேட்லாப்லயோ பைத்தான்லயோ 2டி கோடு சொந்தமா எழுதிப் பாருங்க, பொறவு எந்த சாஃப்ட்வேரும் உங்களை ஏமாத்த முடியாது.

அலைக்கு வாங்க. அலைநீளத்துக்கு 10 எலிமெண்ட்னு ரூல் இருக்கே, அதைப் போட்டா முடிஞ்சுதே?

போட்டுப் பாப்போம். இரும்புல லாங்கிட்யூடினல் அலை (ஓடுற திசையிலயே முன்னும் பின்னும் அசைக்கிறது) வினாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் ஓடும். 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் வச்சா அலைநீளம் 1.2 மி.மீ. அதுல பத்துல ஒண்ணு 0.12 மி.மீ. 30 செ.மீ சதுர இரும்பை 2டியா எடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு 2,500, மொத்தம் 62 லட்சத்துக்கு மேல எலிமெண்ட். ஷியர் அலை (ஓடுற திசைக்குக் குறுக்க அசைக்கிறது) 3,200 மீட்டர்தான் ஓடும், அதோட அலைநீளம் இன்னும் சின்னது, அதையும் பிடிக்கணும்னா மூணரை மடங்குகிட்ட ஏறும். 3டியை நினைச்சே பாக்க வேண்டாம். கான்கிரீட்டுல 54 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக்னா நல்ல கான்கிரீட்டுல 4,000 மீட்டர் வேகம்னு வச்சாலும் அலைநீளம் 7 செ.மீக்கு மேல, அது சமாளிச்சுரலாம்.

10 எலிமெண்ட் போட்டும் அலை தூரமா போகப் போக தப்பாகுதே, ஏன்?

ஜங்ஷன்லருந்து தென்காசிக்குப் போற பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கால் நிமிஷம் பிந்துதுன்னு வைங்க. பேட்டையில பாத்தா யாருக்கும் தெரியாது, தென்காசியில இறங்கும்போது கடையம் பஸ்ஸை விட்டிருப்பீங்க. மெஷ்ஷுக்குள்ள ஓடுற அலையோட வேகம் உண்மை வேகத்துலருந்து துளி விலகி இருக்கும், ஒவ்வொரு அலைநீளத்துக்கும் அந்தத் துளி சேந்துக்கிட்டே போகும். கடைசியில மேடு இருக்க வேண்டிய இடத்துல பள்ளம் இருக்கும். இதைப் பொல்யூஷன் எஃபெக்ட்னு சொல்லுவாங்க.

1995ல இலென்பர்க்கும் பபுஷ்காவும் கணக்காவே காட்டுனாங்க: அலை எண்ணை (அலைநீளம் குறையக் குறையக் கூடுற எண்) கேன்னும் எலிமெண்ட் அளவை ஹெச்சுன்னும் வச்சா, நேர்கோட்டு எலிமெண்டுக்குப் பிழையில ரெண்டு பங்கு உண்டு, ஒண்ணு கே ஹெச், இன்னொண்ணு கே கனம் ஹெச் வர்க்கம். 10 எலிமெண்ட் ரூல் முதல் பங்கைத்தான் கட்டிப்போடும். கே ஹெச் மாறாம இருந்தாலும் கேயை ரெண்டு மடங்கு ஆக்குனா ரெண்டாவது பங்கு ரெண்டு மடங்காகும். அதனால 10 எலிமெண்ட்ங்கிறது பத்து அலைநீளம் ஓடுற கணக்குக்குச் சரியா இருக்கலாம், 250 அலைநீளம் ஓடுற மேல சொன்ன இரும்புக்குச் சரியா இருக்காது. 2டிலயும் 3டிலயும் இந்த வகை மெஷ் முறையில பொல்யூஷனை முழுசா ஒழிக்க முடியாதுன்னு 1997ல பபுஷ்காவும் சாட்டரும் நிரூபிச்சாங்க. ஒழிக்க முடியாது, நல்லாவே குறைக்கலாம்.

சரி, அலைக்கு எந்த ஃபங்ஷனைச் சேக்கணும்? திசை தெரியாதே

ஒரே ஃப்ரீக்வென்சியில நின்னு ஆடுற கணக்குன்னா, ஒவ்வொரு நோடுலயும் பல திசையில போற சமதள அலைகளைச் சேக்கலாம், பியுஃபெம்ல அப்படித்தான் செய்யுதாங்க. குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில நின்னு ஆத்துல கல்லைப் போட்டுப் பாருங்க, அலை வட்டமா எல்லாத் திசையிலயும் போகும், மண்டபத்துல மோதுனதும் எந்தெந்தத் திசையிலயோ திரும்பி வரும். அந்தத் திசை நமக்கு முன்னாடி தெரியாது, அதனால வட்டத்தைச் சமமா பிரிச்சு 8, 12, 20ன்னு திசை எடுத்துக்கிடுதோம், எது எம்புட்டுன்னு கெழு முடிவு பண்ணிக்கிடும். இப்படிச் செஞ்சா ஒத்த எலிமெண்டுக்குள்ளயே பல அலைநீளம் அடங்கும், பத்துல ஒண்ணுங்கிற பேச்சே போச்சு. திடப்பொருள்னா லாங்கிட்யூடினலுக்கு ஒரு கூட்டம், ஷியருக்கு ஒரு கூட்டம் தனித்தனியா வேணும், இதை மறந்துட்டு ஏன் சரியா வரலைன்னு கேக்குறவங்க நிறைய.

நேரத்தோட ஓடுற அலைன்னா, தட்டுன சத்தம் மாதிரி பல ஃப்ரீக்வென்சி கலந்தது, 2012ல ஹாமும் பாத்தேயும் சொன்ன மாதிரி ஷேப் ஃபங்ஷனைச் சைன் காஸ் வரிசையால பெருக்கலாம். அது ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியைக் கட்டிப் பிடிக்காது, பொதுவா ஆடுற எதையும் நல்லாப் பிடிக்கும். ரெண்டுக்கும் இன்டக்ரேஷன் செலவு கூடும், எலிமெண்டுக்குள்ள பல தடவை ஏறி இறங்குற ஃபங்ஷனை நாலு பாயிண்டுல கூட்ட முடியாது.

மேட்ரிக்ஸ் சிங்குலர்னு எரர் அடிக்குது, திசையைக் கூட்டக் கூட்ட மோசமாகுது

ரெண்டு பேரு ஒரே பதிலைச் சொன்னா யாரு சொன்னதுன்னு பிரிக்க முடியாதுல்ல, அதான் நடக்குது. பக்கத்துப் பக்கத்துத் திசையில போற ரெண்டு அலை, எலிமெண்ட் சின்னதா இருந்தா, கிட்டத்தட்ட ஒண்ணுதான். விரிசல்லயும் இதே கதை: விரிசல் எலிமெண்டோட ஓரத்தைத் துளியூண்டு வெட்டிச்சுன்னா ஹெவிசைட் ஏறக்குறைய எல்லா இடத்துலயும் ஒரே மதிப்பு, அப்பம் அது சாதாரண ஷேப் ஃபங்ஷனோட நகல் ஆயிரும். முதல் வைத்தியம், நோடைச் சுத்தி வெட்டுப்பட்ட பரப்பு மொத்தத்துல பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழ இருந்தா அந்த நோடுக்கு ஹெவிசைட்டை எடுத்துருங்க. அலைக்கு, எலிமெண்டைப் பெருசா வச்சுத் திசையைக் கூட்டுங்க, எலிமெண்டும் சின்னது திசையும் நிறையன்னு ரெண்டையும் ஒண்ணா செய்யாதீங்க.

வேரோட போற வைத்தியம் 2012ல பபுஷ்காவும் பானர்ஜியும் சொன்ன எஸ்ஜிஃபெம். சேக்குற ஃபங்ஷன்லருந்து, சாதாரண ஷேப் ஃபங்ஷனே பிடிக்கக்கூடிய பங்கை முன்னாடியே கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் சேக்குறது. ஏற்கெனவே தெரிஞ்சதைத் திரும்பச் சொல்ல ஆள் வைக்காத, புதுசா என்ன இருக்கோ அதுக்கு மட்டும் வைங்கிற மாதிரி. இதுல பிளெண்டிங் தொல்லையும் கூடவே குறையும்.

விரிசல் ஓடுற டைனமிக் கணக்குல டைம் ஸ்டெப் சுழிக்குப் போகுது, எக்ஸ்பிளிசிட் ஓடவே மாட்டேங்குது

எக்ஸ்பிளிசிட்ல (இப்ப இருக்குற நிலையை மட்டும் வச்சு அடுத்த நேரத்துக்குத் தாவுற முறை) டைம் ஸ்டெப், எலிமெண்டை அலை தாண்டுற நேரத்தை மீறக்கூடாது, 1928லயே கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி சொன்னது. 1 மி.மீ இரும்பு எலிமெண்டுக்கு அது 0.17 மைக்ரோசெகண்ட். விரிசல் எலிமெண்டைத் துளியூண்டு வெட்டும்போது அந்தத் துண்டு தனி எலிமெண்ட் மாதிரி ஆகி, நேரம் அதோட அளவுக்குச் சுருங்கப் பாக்கும். 2006ல மெனூயார் குழு என்ரிச் ஆன தெரியாததுகளுக்கு மாஸை லம்ப் பண்ணுற (நிறையை அந்தந்தத் தெரியாததுலயே குவிச்சு வைக்கிற) ஒரு வழி சொன்னாங்க, அதுல ஸ்டெப் சுழிக்குப் போகாது, சாதாரண எலிமெண்டோட ஸ்டெப்புல ஒரு நல்ல பங்காவது மிஞ்சும். அதைப் போட்டுப் பாருங்க, முதல்ல ஹெவிசைட் மட்டும் வச்சு.

இன்னொண்ணு, விரிசல் நகந்ததும் பழைய முனை ஃபங்ஷனைத் தூக்கி எறிஞ்சீங்கன்னா அதுல இருந்த சக்தியும் கூடப் போயிரும், அலைக் கணக்குல அது போலி அதிர்வா வெளிய தெரியும். பழசை வச்சுக்கிட்டு புதுசைக் கூட்டிக்கிட்டே போறதுதான் சரி. விடை வந்ததும் விரிசல் வேகத்தையும் பாருங்க: இழுத்துத் திறக்குற விரிசல் ரேலே அலை (மேற்பரப்பை ஒட்டி ஓடுற அலை) வேகத்தைத் தாண்டக்கூடாது, அது இரும்புல ஷியர் வேகத்துல 92, 93 சதவீதம். நிசத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே கிளை விட்டுரும். உங்க கோடு தாண்டுதுன்னா கோடுதான் தப்பு. ஷியர்ல சறுக்குற விரிசல் மட்டும் தாண்டும், 1999ல ரோசாகிஸ் குழு லேப்லயே படம் பிடிச்சிருக்காங்க.

இப்ப எல்லாரும் ஃபேஸ் ஃபீல்டுன்னு போறாங்க, எக்ஸ்ஃபெம் பழசாயிட்டா?

1998ல பிரான்க்ஃபோர்ட், மரிகோ ரெண்டு பேரும் கிரிஃபித்தோட சக்திக் கணக்கை ஒரு மினிமம் தேடுற கணக்கா எழுதுனாங்க, 2000ல போர்டினும் சேந்து விரிசலைக் கூர்மையான கோடா வைக்காம கொஞ்சம் அகலமா மங்கலா வச்சு அதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுனாங்க, அதான் ஃபேஸ் ஃபீல்டு. விரிசல் கிளை விடுறது, ரெண்டு விரிசல் சேருறது, எங்க தொடங்கும்னே தெரியாம இருக்குறது, இதுக்கெல்லாம் அதுதான் நல்லது, நானும் அதையே சொல்லுவேன். எக்ஸ்ஃபெம்ல ஒவ்வொரு கிளைக்கும் தனியா ஃபங்ஷன் எழுதி, சேருற இடத்துக்கு வேற ஒண்ணு எழுதின்னு கை ஒடியும்.

ஆனா அந்த மங்கலோட அகலத்துக்குள்ள ரெண்டு எலிமெண்டுக்கு மேல இருக்கணும், அப்பம் விரிசல் போற வழி முழுக்க பொடி மெஷ் வேணும். அது மட்டும் இல்லை, விரிசல் வாய் எம்புட்டுத் திறந்துச்சு, அதுல அலை எப்படி மோதித் திரும்புதுங்கிறது கூர்மையா தெரியணும்னா மங்கலான விரிசல் உதவாது. இருக்குற விரிசலை அலை வச்சுத் தேடுற வேலைக்கு எக்ஸ்ஃபெம்தான், அடுத்த கேள்விக்கும் இதுதான் காரணம்.

அப்பம் காருகுறிச்சிப் பானையையே புராஜெக்டா எடுக்கலாமாக்கா? தட்டுற சத்தத்தை வச்சு கீறல் எங்கன்னு கண்டுபிடிக்க?

எடுக்கலாம், எனக்கும் ரொம்ப நாள் ஆசை. இது தலைகீழ் கணக்கு: சத்தம் தெரியும், கீறல் தெரியாது. கீறல் இங்கன இருக்கலாம்னு ஒரு ஊகம் வச்சு, அலையை ஓட்டி, வந்த சத்தத்தைப் பதிவு பண்ணுன சத்தத்தோட ஒப்பிட்டு, ஊகத்தை நகத்தித் திரும்ப ஓட்டணும். ஆயிரக்கணக்குல ஓட்டணும். ஒவ்வொரு ஊகத்துக்கும் மெஷ் போட்டா விடியவே விடியாது, எக்ஸ்ஃபெம்ல ஒரே மெஷ், கீறல் எண்கள் மட்டும் மாறும். 2007ல ரபினோவிச், கிவோலி, விக்டர்காஸ் இந்த எண்ணத்தை ஜெனடிக் அல்காரிதத்தோட (நல்ல ஊகங்களைக் கலந்து கலந்து இன்னும் நல்லதைத் தேடுற முறை) சேத்துச் செஞ்சு காட்டியிருக்காங்க.

பானையில நேரா ஆரம்பிக்காதீங்க, வளைவு, சீரில்லாத கனம், சூளையில வெந்தது கூடக் குறைய இருக்குறதுன்னு எல்லாம் ஒண்ணா வந்து குழப்பும். ஒரு தட்டையான தரை ஓட்டுல தெரிஞ்ச இடத்துல வெட்டுப் போட்டுப் பழகுங்க. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைப் பாத்திருப்பீங்க, ஒத்தக் கல்லுல செதுக்குன சின்னத் தூண் ஒவ்வொண்ணும் தட்டுனா வேற வேற சுரம் பேசும், கல்லு ஒண்ணுதான், உருவம் வேற. அந்த மாதிரி ஓட்டோட உருவத்துக்கு உரிய சத்தம் எது, கீறலால மாறுன சத்தம் எதுன்னு முதல்ல பிரிக்கத் தெரியணும், அதுக்குக் கீறல் இல்லாத ஓட்டுல பல தடவை தட்டிப் பதிவு பண்ணி வச்சுக்கிடுங்க.

அதுல சரியா வந்த பொறவு பானைக்கு வாங்க, அப்பம் இன்னொரு மாற்றம் வேணும். வெட்டுனது வாய் திறந்து நிக்கும், பானைக் கீறலோ மூடிக் கிடக்கும். அலை போகும்போது ரெண்டு முகமும் முட்டும், விலகும், உரசும், அந்த டொப்புங்கிற செத்த சத்தத்துல பெரும் பங்கு இந்த உரசல்தான். ஹெவிசைட் கெழு திறக்குற பக்கமும் போகும், மூடுற பக்கமும் போகும், அதுக்கு ஒரு முகம் இன்னொரு முகத்துக்குள்ள புகக்கூடாதுன்னு தெரியாது. அந்தக் கான்டாக்ட் நிபந்தனையை நீங்கதான் எழுதணும். ஒரு பெனால்டி ஸ்பிரிங்ல (முகம் உள்ள புகுந்தா திருப்பித் தள்ளுற கற்பனை ஸ்பிரிங்) தொடங்குங்க, அதை ரொம்ப விறைப்பா வச்சீங்கன்னா முந்தின டைம் ஸ்டெப் கேள்வியில இருக்குற தொல்லையே திரும்ப வரும்.